முள் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்: ரேடியேட்டர் காட்டும் அறிகுறிகள்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு அடிக்கடி போய்வருகிறவன் நான். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த ஏற்றத்தில், சமவெளியில் ஒளிந்திருக்கும் எந்தக் கோளாறும் வெளியே வந்துவிடும். இன்ஜின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டர் ஒரே நாளில் கைவிடுவதில்லை, பல வாரங்களுக்கு முன்பே அறிகுறி காட்டத் தொடங்கிவிடுகிறது என்பது இந்தப் பாதையில் நான் கண்டது.

பழைய காராக நான் வாங்கிய வண்டியில் வெப்பமானி முள்ளுக்கு முன்னால் மாறியது ஏசிதான். வளைவுகள் தொடங்கியதும் குளிர் குறையும், இறக்கத்தில் திரும்ப வரும். கேஸ் குறைந்திருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இன்ஜின் வெப்பம் எல்லை தாண்டினாலும் பல கார்களில் ஏசி கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும். அடுத்ததாக ரேடியேட்டர் ஃபேன். ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனையில் நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகும் அது ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக் பம்பரைக் கழற்றி, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரைச் சற்று முன்னால் நகர்த்திக் காட்டினார். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தென்னை நார்த்தூள், பூச்சி இறக்கை, புழுதி எல்லாம் சேர்ந்து மெத்தைப் பஞ்சுபோல் அப்பியிருந்தது. கயிறு ஆலைகள் நிறைந்த ஊரில் இது வியப்பில்லை. முன்புறத்திலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இன்ஜின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு அதைக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் வேகத்தில் பாய்ச்சினால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து காற்றுப் பாதையே அடைந்துவிடும்.

கழுவியும் ஏற்றத்தில் சூடு முழுதாகக் குறையவில்லை. அப்போது அவர் சொன்ன அடையாளம் எனக்கு இன்றுவரை உதவுகிறது. நெரிசலில் நிற்கும்போது சூடேறி, சாலையில் ஓடியதும் தணிந்தால் முதலில் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். நெரிசலில் ஒன்றுமில்லை, ஏற்றத்திலோ வேகத்திலோ மட்டும் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் மேல் வெப்பமானியை வைத்து அவர் பார்த்தபோது மேல்பகுதி கொதித்துக்கொண்டிருக்க, கீழ் மூலை ஒன்று மட்டும் ஆறிக் கிடந்தது. அந்தப் பக்கத்துக் குழாய்களில் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடவே இல்லை. முன்பு வைத்திருந்தவர் ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றிவந்ததில் உப்பு படிந்து அடைத்துவிட்டது. ரேடியேட்டரை மாற்றியதும் ஏசி பிரச்சினையும் அதோடு போயிற்று.

மைத்துனரின் காரில் கதை வேறு. ரிசர்வ் டேங்கில் கூலன்ட் அளவு மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது, வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவரும் தண்ணீர் ஊற்றி ஓட்டிவந்தார். டார்ச் அடித்துப் பார்த்தபோது, பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினிய மையமும் சேரும் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு காய்ந்த கோடு. சூடாகி அழுத்தம் ஏறும்போது மட்டும் கசிந்து, அங்கேயே ஆவியாகிவிடுகிற கசிவு அது. கைபம்பால் அழுத்தம் கொடுத்துச் சோதித்ததும் அதே இடத்தில் துளி அரும்பியது. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயம் வைத்து அடைத்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் விட்டால் பசை வைத்து ஓட்டுவது என் கருத்தில் வீண்வேலை, மாற்றிவிடுவதே நல்லது. அவர் காரில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கும்.

மலைப்பாதையில் டாக்சி ஓட்டும் ஒருவர் சொன்னதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். உச்சிக்குப் போன முள் சட்டென்று கீழே இறங்கியிருக்கிறது. ஆறிவிட்டது என்று நம்பி அவர் தொடர்ந்து ஓட்டினார். உண்மையில் கூலன்ட் முழுவதும் வெளியேறி, சென்சார் நனையாமல் நின்றதால்தான் முள் இறங்கியது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போய், ரேடியேட்டர் விலையைப்போலப் பல மடங்கு செலவு.

சூடேறினால் ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுவதுமாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து தொடாதீர்கள். வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதலான அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

எல்லாச் சூட்டுக்கும் ரேடியேட்டரே காரணம் என்றும் சொல்ல முடியாது. கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் போகலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ, கூலன்டில் பாலாடை போன்ற எண்ணெய்க் கலப்பு தெரிந்தாலோ ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காலையில், இன்ஜின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே துருநிறத் தண்ணீர் இருந்தால் புது ரேடியேட்டருக்கான தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.