கையெழுத்திடும் முன் ‘செவரலி’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்து, நண்பர்களோடு சேர்ந்து வீடு எடுப்பவர்களிடம் நீட்டப்படும் வாடகை ஒப்பந்தத்தில் ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி லயபிள்’ என்ற தொடர் பெரும்பாலும் இருக்கும். அதைப் பொருள் தெரியாமல் கடந்து போய்விடாதீர்கள்.

‘செவரல்’ என்றால் ‘பல’ என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ‘செப்பரேட்’ என்ற சொல் பிறந்த அதே லத்தீன் வேரிலிருந்து வந்த இச்சொல்லுக்குத் ‘தனித்தனியான’ என்பதே பழைய பொருள். சட்ட ஆங்கிலம் அதை இன்றும் கைவிடவில்லை. நம் கடன் பத்திரங்களில் வரும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதே ‘ஜாயிண்ட்லி அண்ட் செவரலி’ என்பதற்கு நேரான தமிழ்.

அகராதியைப் பார்த்தவர்கள்கூடச் சறுக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. ‘தனித்தனியாக’ என்றவுடன், அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. ‘செவரலி’ மட்டும் தனித்து நின்றால் அது சரிதான். ‘ஜாயிண்ட்லி’யோடு சேர்ந்துவிட்டாலோ, முழுத் தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு என்றாகிவிடும், வீட்டுக்காரர் யாரிடமிருந்து வேண்டுமானாலும் மொத்தத்தையும் கேட்கலாம்.

நான் இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றேன். மூவர் சேர்ந்து எடுத்த வீட்டுக்கு மாத வாடகை 1,800, ஆளுக்கு 600. ஐந்தாம் மாதம் ஒருவர் வேலை மாறிப் போய்விட்டார். என் 600ஐ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டியிருந்தும், அவருடைய இரண்டு மாதப் பாக்கியைக் கேட்டு எனக்கே கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரியும், அதன் கீழே நானே இட்ட முதலெழுத்துகளும் இருந்தன.

கூடுதலாகக் கட்டியவர் மற்றவர்களிடமிருந்து அவர்களுடைய பங்கைத் திரும்பக் கோரும் உரிமை பொதுவாக உண்டு. அதற்குக் ‘கான்ட்ரிபியூஷன்’ என்று பெயர். ஆனால் அலைந்து வசூலிக்கும் பாடு கட்டியவருடையது. ஆகையால் அறைக்குத் தனி ஒப்பந்தம் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கிடைக்காவிட்டால், யார் எவ்வளவு தரவேண்டும், இடையில் போகிறவர் என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குள்ளாவது எழுதிக்கொள்ளுங்கள். அது வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பின்னால் நண்பரிடம் பணம் கேட்கும்போது கையில் சான்றாக இருக்கும். நீங்களே வீட்டை விட்டுப் போவதானால், உங்கள் அறைக்கு வேறொருவர் குடிவந்துவிட்டார் என்பதை மட்டும் நம்பி இருந்துவிடாமல், உங்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்ததாக எழுத்தில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். உங்களுக்காக உறவினர் யாரேனும் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார் என்றால், அது உங்கள் பங்குக்கு மட்டுமா, முழு வாடகைக்குமா என்று பார்ப்பது அவருக்கு நீங்கள் செய்யவேண்டிய கடமை.

இச்சொல் வாடகையோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் வருமான வரிக் கணக்கைக் கூட்டாகத் தாக்கல் செய்தால், அந்த வரிக்கு இருவருமே இதே வகையில் பொறுப்பாளிகள். சம்பாதித்தது ஒருவர் மட்டும் என்றாலும், பின்னர் மணமுறிவு ஏற்பட்டாலும், மற்றவரிடம் முழு வரியையும் கேட்க முடியும். துணைவர் செய்த தவற்றை அறியாமல் கையெழுத்திட்டவர் விலக்குக் கோர 8857 என்ற படிவம் இருக்கிறது. அறியவில்லை என்பதை ஏற்கும்படி காட்டவேண்டியவர் அவர்தான். எனவே துணைவர் நிரப்பித் தரும் படிவத்தையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.