ஜீசஸ் ரெவல்யூஷன் படத்தில் லானி ஃபிரிஸ்பியின் மீதிக் கதை எங்கே?

நெய்தல்:
அமெரிக்க ஹிப்பிகளிடையே பரவிய கிறிஸ்தவ எழுப்புதலைப் பற்றி 2023-ல் வந்த இந்தப் படத்தை நேற்றுத்தான் அம்மாவோடு பார்த்தேன். வெறுங்காலோடு வரும் ஹிப்பிப் பசங்களால் கம்பளம் அழுக்காகிறது என்று சபைக்காரர்கள் முணுமுணுக்க, பாஸ்டர் சக் ஸ்மித் வாசலில் உட்கார்ந்து அவர்கள் காலைக் கழுவிவிடுவாரே, அந்த இடத்தில் அம்மா அழுதேவிட்டார். அப்புறம், அந்தப் பசங்களைச் சபைக்குள் கொண்டுவந்த லானியைப் பற்றித் தேடினால், அவருக்கு ஆண்களோடு உறவு இருந்தது, 1993-ல் எய்ட்ஸால் இறந்தார் என்று வருகிறது. படத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை. வேண்டுமென்றே விட்டார்களா?

ஒலிவமலை:
படம் கிரெக் லாரியின் சாட்சி, தம்பி, அந்த எழுப்புதலில் மனம் மாறி பின்னால் பாஸ்டரானவர் தன் அனுபவத்தைச் சொல்வது. எழுபதுகளின் தொடக்கத்தோடு கதை முடிகிறது, பின்னால் நடந்ததெல்லாம் கதைக்குள் எப்படி வரும்? லானியே அதைப் பாவம் என்றுதான் சொல்லிவந்தார். செத்துப்போனவரைத் தூக்கி இப்போது ஒரு கொடியின் கீழ் நிறுத்துவதும் நியாயமில்லை.

கடைசிப்பெஞ்சு:
அண்ணா, கடைசியில் சொன்னது சரி, அவரைப் போராளி ஆக்க வேண்டாம். ஆனால் மறைத்தது இந்தப் படம் மட்டுமில்லை. 1980 அன்னையர் தினத்தன்று பாஸ்டர் ஜான் விம்பரின் சபையில் லானி பேசி, அதிலிருந்துதான் விம்பர் தலைமையில் வளர்ந்த வின்யார்ட் சபை இயக்கமே சூடுபிடித்தது என்பார்கள். அதைத் தன் புத்தகத்தில் எழுதிய விம்பர் பெயரைச் சொல்லாமல் யாரோ ஒரு இளைஞன் என்று கடந்துவிட்டார். அடக்க ஆராதனையில் சக் ஸ்மித் அவரைச் சிம்சோனோடு ஒப்பிட்டார், அதாவது வல்லமையும் இருந்தது, விழவும் செய்தார். தாவீது ராஜா பிறன் மனைவி பத்சேபாளிடம் தவறிய விஷயத்தை வேதமே மறைக்கவில்லை, சினிமாவுக்கு மட்டும் என்ன கூச்சம்?

கூச்சத்துக்குக் காரணம் அரசியல் என்பது என் எண்ணம். சக் ஸ்மித்தின் சபையான கால்வரி சேப்பல் இருக்கிற அதே ஆரஞ்சு கவுண்டியைச் சேர்ந்த கலிஃபோர்னியா மாநில செனட்டர் ஜான் பிரிக்ஸ், தன்பாலீர்ப்பாளர்கள் பள்ளியில் வேலை பார்க்கக் கூடாது என்று 1978-ல் வாக்கெடுப்பே கொண்டுவந்தார். ரீகனே எதிர்த்தார், தோற்றது, ஆனாலும் அந்த வாக்காளர் கூட்டம் கலையவில்லை. படத்துக்கு டிக்கெட் வாங்குவதும் பெரும்பாலும் அதே சபைகள்தான். லானியாக நடித்த ஜோனதன் ரூமிதான் தி சோசன் தொடரின் இயேசு. 2023-ல் அந்தத் தொடரின் படப்பிடிப்பு வீடியோவில் கேமராப் பக்கம் தன்பாலீர்ப்பாளர்களின் வானவில் கொடி கையளவில் தெரிந்ததற்கே புறக்கணிப்போம் என்று கிளம்பினார்கள். கதைக்குள் கூட இல்லை, கருவியில் செருகியிருந்த கொடி!

ஒலிவமலை:
விம்பர் விஷயம் புதிது எனக்கு. பெயரையாவது போட்டிருக்கலாம்.

கடைசிப்பெஞ்சு:
லானியைப் பற்றி 2005-ல் ஒரு ஆவணப்படம் வந்தது, அதில் பழைய சபைக்காரர்களே பேசுகிறார்கள். நெய்தல், முடிந்தால் அதைப் பாருங்கள்.

நெய்தல்:
தேடுகிறேன். அம்மா இன்று காலையிலேயே அந்தக் கால் கழுவுகிற காட்சியை சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், "அந்தத் தாடிக்காரத் தம்பி அப்புறம் என்ன ஆனார்" என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.