சாவோ பாவ்லோ மேயர் பாவ்லோ மலூஃப்: இன்ஜினியர் ஆண்டால் ஊர் உருப்படுமா?

சிவில்_செந்தில்: பிரேசிலின் சாவோ பாவ்லோவுக்கு ரெண்டு தடவை மேயரா இருந்த மலூஃப் படிச்சது சிவில். 1969-ல் பதவிக்கு வந்தார், 1971 ஜனவரியில், ஜனங்க மின்யோகாவ்னு கூப்பிடுற மேம்பாலத்தைத் திறந்துட்டார். நகரத்துக்கு நடுவுல மூணு கிலோமீட்டர் நீளம். தொழில் தெரிஞ்சவர் நாற்காலியில் உட்கார்ந்தா இப்படித்தான் வேலை நடக்கும்.

தென்றல்மதி: அந்த வேகம் எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லலையே? அப்போ அவருக்கு யாரும் ஓட்டுப் போடலை. ராணுவ ஆட்சிக் காலம், நியமனப் பதவி. பாலத்துக்கு வெச்ச பேரே ராணுவ அதிபர் கோஸ்டா இ சில்வாவோடது. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத ஊர்ல யார் வேணா சீக்கிரம் கட்டலாம். சில இடத்துல அடுக்குமாடி ஜன்னலுக்கும் பாலத்துக்கும் அஞ்சாறு மீட்டர்தான் இடைவெளி. மூணாவது மாடியில குழந்தையைத் தூங்க வெச்சா, தலைமாட்டுல கார் போகும். 1976-லேர்ந்து ராத்திரியில பாலத்தை மூடுறாங்க. தூண் எவ்வளவு பாரம் தாங்கும்னு கணக்குப் போட்டவர் இதையும் போட்டிருக்கணும்.

சிவில்_செந்தில்: 1992-ல் ஜனங்க ஓட்டுப் போட்டுத்தானே திரும்பக் கொண்டுவந்தாங்க? குடிசைப் பகுதிகள்ல சிங்கப்பூர் பேர்லயே திட்டம் போட்டு அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார். அதையும் பேசுங்க.

பில்_பாஸ்கர்: ரோடு கான்ட்ராக்ட்ல பில் எழுதுற வேலை எனக்கு. அந்த ரெண்டாவது தடவைதான் பெரிய கோளாறு. ஆகுவா எஸ்ப்ராயாடா சாலை வேலையிலிருந்து பணம் வெளிநாட்டுக்குப் போச்சு. அது போய்ச் சேர்ந்த ஜெர்சி தீவோட நீதிமன்றம், 2012-ல் அதை நகரத்துக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 2017-ல் பிரேசில் உச்ச நீதிமன்றம் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கினதுக்கு 7 வருஷம் 9 மாசம் தண்டனை கொடுத்தது. எஸ்டிமேட்ல எந்த வரியில எவ்வளவு ஏத்தலாம்னு நம்ம படிப்பு படிச்சவனுக்குத்தான் நல்லாத் தெரியும் செந்தில். அதனால இன்ஜினியர்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க.

சிவில்_செந்தில்: தண்டனை சரிதான், அதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா பாலத்தை யாரும் இடிக்கலையே? ஊருக்கு அது தேவைப்படுது.

தென்றல்மதி: சனி, ஞாயிறு கார் நுழையக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சப்புறம்தான் ஜனங்க அதுல நடக்குறாங்க, சைக்கிள் ஓட்டுறாங்க, பிள்ளைங்க விளையாடுது. அவர் எதுக்காகக் கட்டினாரோ அதை நிறுத்தினப்போதான் ஊருக்குப் பிடிச்சுது. 2016-ல் பேரையும் மாத்திட்டாங்க. 1964-ல் ராணுவம் கவிழ்த்த அதிபர் ஜோவாவ் கூலார்ட் பேர்தான் இப்போ.