கேரியர்: 'கடத்தி' வேண்டாம், 'ஒற்றையேந்தி' என்று வைப்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரம் கடற்கரையில் ஆடு வளர்ப்பவர்களுக்காக நாம் எழுதிவரும் மரபு நோய்க் கையேட்டில், 'கேரியர்' (மரபு நோய்க்கான மாற்றம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தான் நலமாக இருக்கும் ஆடு) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சு நீண்டுகொண்டே போகிறது. 'நோய் கடத்தி'க்குத்தான் ஆதரவு அதிகம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கொசுவையும் உண்ணியையும் நாம் நோய் கடத்தி என்றுதான் சொல்கிறோம். தேவிபட்டினம் பக்கம் ஆட்டு மந்தை மேய்க்கும் ஒரு கீதாரியிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முடிக்கும் முன்பே, "அப்ப இதத் தனியாக் கட்டணுமா? மத்த உருப்படிக்கும் ஒட்டிக்கிருமா?" என்று கேட்டார். சொல்லைக் கேட்டு அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார், சொல்தான் தவறானது. மரபு நோய் ஒட்டாது. பட்டியில் எத்தனை நாள் சேர்ந்து கிடந்தாலும் பக்கத்து ஆட்டுக்கு ஒன்றும் வராது. இணைசேரும்போதுதான் கவனம் வேண்டும்.

'நோய்தாங்கி' இன்னும் சிக்கல். வறட்சியைத் தாங்கும் நெல், பூச்சியைத் தாங்கும் ரகம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, நோய்தாங்கி என்றால் நோய் எதிர்ப்புள்ள கிடா என்றே படும். நல்ல கிடா என்று நினைத்து வாங்கிவந்து பொலிக்கு விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'காவி' (காவுவது, அதாவது சுமப்பது) அழகான சொல்தான், ஆனால் இங்கே காவி என்றால் துணியின் நிறம்.

'குறைசுமப்பி' என்று எழுதிய அக்காவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று இந்தக் கரை முழுக்க பக்ரீத் சந்தையை நம்பித்தான் பலர் கிடா வளர்க்கிறார்கள். குர்பானிக்குக் குறையில்லாத உருப்படிதான் வேண்டும். பார்வைக்கும் நடைக்கும் ஒரு பழுதும் இல்லாத கிடாவின் பெயரில் நாம் 'குறை' என்று எழுதிவைத்தால் அதன் விலை போய்விடும். அப்புறம் யார் சோதனைக்கு முன்வருவார்கள்?

ஆட்டுக்கையேட்டில் குட்டைரகக் குதிரை எதற்கு என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அதில்தான் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் பிடரி மயிர் முடியும் இடத்தில் 34 அங்குலத்துக்கு மேல் போகாத குதிரைகளைத் தனி இனமாக வளர்க்கிறார்கள். சிறிது, இன்னும் சிறிது என்று தேர்ந்து வளர்த்த இனம். அதில் அவ்வப்போது தலை பெருத்து, நெற்றி புடைத்து, கீழ்த்தாடை முன்தள்ளி, கால் குறுகி வளைந்த குட்டி பிறக்கும். சிலவற்றுக்கு அண்ணமும் பிளந்திருக்கும், மூச்சுவிடவே திணறும். குருத்தெலும்புக்கு மெத்தென்ற தன்மையைத் தரும் அக்ரிகன் என்ற புரதத்தின் மரபணுவில் நேர்ந்த நான்கு மாற்றங்களை இதற்குக் காரணமாக கென்டக்கி பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் நோய். இரண்டும் ஒரே மாற்றமாக இருக்க வேண்டியதில்லை, வெவ்வேறாக இருந்தாலும் குட்டிக்குக் கேடுதான். ஒன்று மட்டும் உள்ள குதிரை நலமாக ஓடும், மேயும், பரிசும் வாங்கும்.

அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு ஈற்றிலும் 4க்கு 1 பங்கு நோய்க்குட்டிக்கு வாய்ப்பு. ஒன்றை, மாற்றமே இல்லாத இணையோடு சேர்த்தால் நோய்க்குட்டி பிறக்காது. பிறப்பதில் பாதி தாயையோ தந்தையையோ போல ஒன்றை வைத்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே அவற்றைக் கழித்துக்கட்ட வேண்டாம். கழித்தால் அவற்றோடு நல்ல நடை, நல்ல குணம் எல்லாம் போய், இனத்தின் கொடிவழி சுருங்கிவிடும். பிடரியிலிருந்து மயிரை வெட்டாமல், அடியில் வெள்ளையாக இருக்கும் வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் எது எப்படி என்று தெரிந்துவிடும்.

நம் செம்மறி இனங்களான ராமநாதபுரம் வெள்ளைக்கும் கீழக்கரிசலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். முப்பது நாற்பது பெட்டைக்கு ஒரே பொலிகிடா. அதை மாற்றாமல் விட்டால் அதன் மகள்களையே அது சேரும். கிடாவிடம் ஒளிந்திருந்த ஒன்று மகளிடமும் இருந்தால் பேரக்குட்டியில் இரண்டாகிவிடலாம். (மாபார் கரையில் நல்ல குதிரைக்கும் நல்ல பெட்டைக்கும் கால் கோணிய குட்டிதான் பிறக்கிறது என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதினார். பாண்டிய நாட்டுக் கரையைத்தான் அப்படிச் சொன்னார். அது எதனால் என்று இன்று சொல்ல வழியில்லை, ஆனாலும் இந்தக் கரைக்காரனான எனக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.)

சரி, என் முன்மொழிவு 'ஒற்றையேந்தி'. ஒன்றை மட்டும் ஏந்தியிருப்பது. சொல்லில் நோயும் இல்லை, குறையும் இல்லை, ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் இல்லை. முடிவெடுக்கத் தேவையான கணக்கு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: ஒற்றையேந்தியை ஒற்றையேந்தியோடு சேர்க்காதே. ஒற்றையேந்திக் கிடா, ஒற்றையேந்திச் சோதனை என்று சொற்புணர்ச்சியிலும் தடுக்காது. வாயில் 'ஒத்தையேந்தி' என்று வரும், வரட்டும்.

இரண்டும் உள்ளதை 'இரட்டையேந்தி' என்று நீட்ட நான் விரும்பவில்லை. பெட்டையைப் பார்த்து அப்படிச் சொன்னால் இரட்டைக்குட்டிச் சினை என்று எடுத்துக்கொள்வார்கள். அதை 'நோயுற்றது' என்றே எழுதலாம். எதுவும் இல்லாததற்கு 'ஏந்தாதது' போதும்.

ஒரு மாற்றம் இருந்தாலே வெளிப்படும் நோய்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும். அங்கே நலமாக இருக்கும் கேரியர் என்ற நிலையே பொதுவாக இல்லை, ஆகவே இந்தச் சொல்லும் தேவைப்படாது. கையேட்டில் ஒடுங்கு மரபு நோய்ப் (இரண்டு மாற்றம் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்) பகுதிக்குள் மட்டும் வைத்துக்கொள்வோம்.

இதைவிடப் பொருத்தமான சொல் தோன்றினால் அனுப்புங்கள். அனுப்பும் முன் அதைக் 'கிடா' என்பதோடு சேர்த்து, ஆடு வளர்க்கும் ஒருவரிடம் சொல்லி, அவர் திருப்பி என்ன கேட்டார் என்பதையும் எழுதுங்கள்.