விசை தெரியும், பரப்பு எது? பட்டறை, சைட் அனுபவங்கள்

பிரஸ் ஷாப்பில் பராமரிப்பு வேலை எனக்கு. செங்குத்தாக நிற்கும் ஒரு ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ராடு (பிஸ்டன் தண்டு) பக்கத்து ஹோஸ் மட்டும் கிரிம்ப் இடத்தில் (முனையை நசுக்கிப் பொருத்திய இடம்) அடிக்கடி பிய்த்துக்கொள்ளும். பவர் பேக் (பம்ப் யூனிட்) கேஜ் 150 பார் அழுத்தம்தான் காட்டும். ஹோஸோ 160 பாருக்கான ஒற்றைக் கம்பிப் பின்னல். அதனால் பழி முழுக்க ஹோஸ் விற்றவர் தலையில். ஆளை மாற்றியும் பார்த்தார்கள், பிய்வது நிற்கவில்லை.

சர்வீஸுக்கு வந்த பெரியவர் ஹோஸைத் தொடவே இல்லை. சிலிண்டர் அளவைக் கேட்டார். போர் (உள்விட்டம்) 100 மி.மீ., ராடு 70. பிஸ்டனின் மேல்பக்கப் பரப்பு 78.5 ச.செ.மீ. கீழே ராடு அடைத்துக்கொள்ளும் 38.5 போக மிச்சம் 40. வேகத்தைக் குறைக்க, எண்ணெய் வெளியேறும் வழியில் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வை இறுக்கி வைத்திருந்தது. டூல் இறங்கித் தகட்டைத் தொடும்வரை வேறு எதிர்ப்பே கிடையாது. மேலிருந்து தள்ளும் விசை மொத்தத்தையும் கீழே மாட்டிக்கொண்ட எண்ணெய்தான் தாங்கியாக வேண்டும். விசை அதேதான், பரப்பு பாதி. 150 × 78.5 ÷ 40 = 294 பார். டூல் எடை தனி! பம்ப் பக்கம் இருக்கிற கேஜுக்கு இது எப்படித் தெரியும்? ராடு பக்கம் ஒரு கேஜ் மாட்டினார். முள் 300-ஐத் தாண்டியது.

*

கிரேன் வேலையிலும் இதே கதைதான் சார். அவுட்ரிக்கர் (கிரேன் சாயாமல் பக்கவாட்டில் ஊன்றும்) காலில் 20 டன் வருகிறது, பாதம் 40 செ.மீ. வட்டம். சதுர மீட்டருக்கு 159 டன். எந்த மண் தாங்கும்? 1.2 மீட்டர் சதுரத் தகடு போட்டால் 14 டன் ஆகிவிடும் என்று காகிதத்தில் காட்டுவார்கள். மெல்லிய தகடாக இருந்தால் நடுவில் குழிந்துவிடும். ஓரங்கள் மண்ணை அழுத்துவதே இல்லை. அப்புறம் 1.44 சதுர மீட்டர் என்று எழுதி என்ன பயன்? எங்கள் சைட்டில் கால் ஒரு சாண் இறங்கியது, நல்லவேளை கொக்கியில் லோடு இல்லை. இப்போது தடித்த மரக்கட்டை அடுக்கித்தான் நிறுத்துகிறோம்.

*

முதலில் எழுதியவருக்கு: வால்வை உள்ளே போகும் வழிக்கு மாற்றிவிட்டீர்களா?

*

இல்லை அண்ணே. செங்குத்துப் பிரஸ், அப்படி மாற்றினால் டூல் தன் எடையிலேயே ஓடி இறங்கிவிடும். ரிலீஃப் வால்வை (பம்ப் அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பது) 120 பாருக்குக் குறைத்தோம். 9 டன்னுக்கு மேல் கிடைக்கிறது, எங்கள் வேலைக்கு 8 போதும். ராடு பக்கம் 275 பார் இரட்டைப் பின்னல் ஹோஸ். அந்த கேஜைக் கழற்றவில்லை.