செங்கோட்டைப் பக்கம் இருந்து துருவ ஒளிப் புயலை அளக்க முடியுமா? காந்தமானியா, மியூவான் கருவியா?

புளியரை_இயற்பியல் கேட்டது:

வணக்கம். செங்கோட்டைக்கும் கேரள எல்லைக்கும் நடுவே உள்ள மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேர் துருவ ஒளியையும் ஆற்றல் மிக்க துகள்களையும் ஆய்வுத் திட்டமாக எடுத்திருக்கிறார்கள். 2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் கேமராக்கள் பிடித்த சிவப்பு ஒளிதான் தொடக்கம். கையில் உள்ள பணம் 8,000 ரூபாய். மூன்று கேள்விகள்.

1. சூரியப் புயல் நேரத்தில் அந்தத் துகள்கள் நம் தலைக்கு மேலும் இறங்குமா? மியூவான் எண்ணும் கருவி செய்தால் எண்ணிக்கை கூடுவது தெரியுமா?

2. எச்எம்சி5883 என்று சொல்லி விற்ற காந்த சென்சார் ஒன்று வாங்கினோம். மேசையில் வைத்தாலே 200, 300 நானோடெஸ்லா ஆடுகிறது. நிரலில் பிழையா, சென்சாரே இவ்வளவுதானா?

3. துருவ ஒளி 100 கிலோமீட்டருக்கு மேலே எரிகிறது. ஓசோன் அடுக்கு 20 முதல் 40 கிலோமீட்டர். அந்தத் துகள்கள் ஓசோனைக் குறைக்கின்றன என்று படித்தோம். நடுவில் 60 கிலோமீட்டர் இடைவெளி இருக்கும்போது இது எப்படி நடக்கும்?

---

கூடலூர்_மேகம் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். இறங்காது. எண்ணிக்கை கூடாது, குறையும்.

துருவ ஒளியை உண்டாக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல் பெரும்பாலும் 1 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சூரியனில் இருந்து நேராக வந்து விழுபவை அல்ல அவை. பூமியின் காந்த மண்டலத்துக்குள், முக்கியமாக இரவுப் பக்க வால் பகுதியில் முடுக்கப்பட்டு, காந்தக் கோடுகள் வழியே இறங்குபவை. கோடுகள் தரையில் முட்டும் இடம் துருவ வளையம். நம் ஊரில் காந்தக் கோடு ஏறக்குறையக் கிடையாகப் படுத்திருக்கிறது, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வர ஒரு துகளுக்குச் சுமார் 17 ஜிகாவோல்ட் விறைப்பு (காந்தப் புலத்தில் வளையாமல் போகும் திறன்) வேண்டும். சூரியப் புயலில் கிளம்பும் புரோட்டான்களில் அந்த அளவு உள்ளவை அநேகமாக இல்லை. துருவத்தில் இந்தக் காந்தத் தடை ஏறக்குறைய பூஜ்ஜியம். அங்கே தடுப்பது காற்று மட்டும்.

மியூவான் என்பது எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள். நம் தலைக்கு மேல் அதை உண்டாக்குவது அண்டக் கதிர், அதாவது விண்வெளியில் இருந்து வந்து காற்றில் மோதும் துகள்கள். சூரியனில் இருந்து பெரிய பிளாஸ்மா மேகம் கிளம்பி பூமியைக் கடக்கும்போது அது அண்டக் கதிரைத் தள்ளிவிடும். அதனால் ஓரிரு நாட்களுக்கு எண்ணிக்கை இறங்கும். போர்புஷ் சரிவு என்பார்கள். நம் அட்சரேகையில் மியூவானில் அது 1, 2 சதவீதம்தான்.

இதைப் பள்ளிக் கருவியில் பிடிக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு மியூவான். 5க்கு 5 சென்டிமீட்டர் சிந்தில்லேட்டர் (துகள் பட்டால் மினுங்கும் தட்டு) என்றால் நிமிடத்துக்கு 25, மணிக்கு 1,500. இதன் வர்க்கமூலம் 39, அதாவது 2.6 சதவீதச் சிதறல். மணிக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் முழுக்கக் கூட்டினால் 36,000, சிதறல் 0.5 சதவீதம். 2 சதவீதச் சரிவு இருந்தால் அப்போது தெரியும். ஆனால் இயற்கைக் கதிரியக்கத்தைக் களைய இரண்டு தட்டுகளை அடுக்கி ஒரே கணத்தில் இரண்டிலும் அடித்ததை மட்டும் எண்ண வேண்டும். அப்படிச் செய்ததும் எண்ணிக்கை இன்னும் குறையும்.

அதோடு காற்றழுத்தம். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினால் மியூவான் 0.1 முதல் 0.2 சதவீதம் குறையும். நம் பக்கம் தினமும் காலை 10, இரவு 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், இடையில் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். அழுத்தமானி பக்கத்தில் வைத்துத் திருத்தாவிட்டால் தினசரி அலையைப் புயல் என்று எழுதிவிடுவார்கள் பிள்ளைகள். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியின் பரப்பு 560 சதுர மீட்டர். அதனால்தான் 2015 ஜூன் 22 அன்று இரண்டு மணி நேரமே நீடித்த மாற்றத்தை அது பிடித்தது. 8,000 ரூபாய்க்குக் காந்தமானிதான் சரி.

---

தாமிரபரணி_கரை பதில்:

அண்ணாச்சி, நிரலில் பிழை தேட வேண்டாம். அந்தச் சென்சாரின் மிக நுண்ணிய படியே 73 நானோடெஸ்லா. அதோடு அந்தப் பெயரில் கடையில் கிடைப்பவற்றில் பல வேறு சிப். சிப் பதில் சொல்லும் முகவரி எண்ணைப் படித்துப் பாருங்கள்: அசல் என்றால் பதின்ம எண்ணில் 30 வரும், 13 வந்தால் கியூஎம்சி5883. இரண்டுமே திசைகாட்டிக்குப் போதும், புயலுக்குப் போதாது. போன் சென்சாரும் ஆகாது. பாதியில் தானே அளவு திருத்திக்கொண்டு கோட்டை உடைத்துவிடும்.

ஆர்எம்3100 என்ற காந்த சென்சார் வாங்குங்கள். அதன் அமைப்பில் சுழற்சி எண்ணிக்கை 200 வைத்தால் ஒரு படி 13 நானோடெஸ்லா, 400 வைத்தால் 7க்குச் சற்றுக் குறைவு. ஒரு நொடிக்கு 8 அளவு எடுத்து நிமிடத்துக்கு 480ஐச் சராசரி செய்தால் இரைச்சல் 1 நானோடெஸ்லாவுக்குக் கீழே வந்துவிடும். அதன் பிறகு மிஞ்சும் எதிரி வெப்பநிலை.

எவ்வளவு மாற்றம் வரும் என்றால்: இங்கே மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா, கிட்டத்தட்ட முழுவதும் வடக்கு நோக்கிக் கிடையாக. அமைதியான நாளில் பகலில் 50 முதல் 100 வரை ஏறி இறங்கும். 2024 மே போன்ற புயலில் 400க்கும் மேல் சரியும். நூற்றுக்கு ஒன்று. பிடிக்கலாம்.

பகலில் ஏறுவது எதனால் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். காந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா பக்கமாகத்தான் ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டைத் தும்பாவில் விட்டதற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுக்க ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பச்சைத் துருவ ஒளியின் அடிவிளிம்பும் அதே உயரம்தான். அங்கே காற்றை மின்னேற்றுவது இறங்கும் எலக்ட்ரான், இங்கே வெயில்.

நடுவது இப்படி:

பள்ளிக் கட்டடத்தின் கான்கிரீட் கம்பியில் இருந்து 20 மீட்டராவது தள்ளி 75 சென்டிமீட்டர் குழி. 4 அங்குல பிவிசி பைப், அடியில் மூடி ஒட்டி, மேலே ஒரு சாண் மண்ணுக்கு வெளியே நிற்கட்டும். ஆனி, ஆடிச் சாரலில் உங்கள் பக்கம் மண் ஊறிப்போகும். சென்சார் பைப்பின் அடியைத் தொடாமல் ஒரு கை அகலம் மேலே தொங்க வேண்டும், சிலிக்கா ஜெல் பை ஒன்று உள்ளே. பித்தளைத் திருகு அல்லது நைலான். ஸ்டெயின்லெஸ் என்று விற்பதிலும் காந்தம் ஒட்டுவது உண்டு, ஒவ்வொன்றையும் காந்தத்தில் தொட்டுப் பார்த்துப் போடுங்கள்.

அளவுகளைப் படித்து அனுப்பும் இஎஸ்பி32 போர்டைக் குழிக்குள் வைக்காதீர்கள். வைஃபை பேசும் ஒவ்வொரு முறையும் 100 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். 100 மில்லியாம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி 10 சென்டிமீட்டர் தள்ளி உண்டாக்கும் புலம் 200 நானோடெஸ்லா, அரைப் புயல். போர்டு 2, 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நடுவில் லேன் கேபிள்: தரவுக் கம்பியைத் தரைக்கம்பியோடு ஒரு முறுக்கு இணையாகவும், கடிகாரக் கம்பியை 3.3 வோல்ட்டோடு இன்னொரு இணையாகவும் போடுங்கள். தரவையும் கடிகாரத்தையும் ஒரே இணையில் முறுக்கினால் ஒன்று மற்றதில் கசிந்து அளவு தாறுமாறாக வரும். வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

திசை வைக்கத் திசைகாட்டி வேண்டாம். கிழக்கு அச்சு ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டும்வரை பைப்பைத் திருப்புங்கள், வடக்கு அச்சு தானாகச் சரியாகிவிடும். 2 பாகை தவறினாலும் 300 நானோடெஸ்லா சரிவில் 10தான் கிழக்கு அச்சில் கசியும். திருப்பிய பிறகு மண் கெட்டிப்பட ஒரு வாரம் விட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் தரவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சாருக்குப் பக்கத்திலேயே வெப்பமானி ஒன்று. இது இல்லாமல் எடுக்கும் தரவு வீண்.

---

இருள்மாதம் பதில்:

மூன்றாம் கேள்வி நல்ல கேள்வி. இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, நேரடி வழி. துகளின் ஆற்றல் கூடக் கூட ஆழமாக இறங்கும். 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் 100 கிலோமீட்டரைத் தாண்டி அதிகம் இறங்காது. 100 கிலோ என்றால் சுமார் 80 கிலோமீட்டர், 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் என்றால் 60 கிலோமீட்டர் வாக்கில். சூரியப் புரோட்டான்கள் 10 கோடி எலக்ட்ரான் வோல்ட்டில் 30, 35 கிலோமீட்டர்வரை வரும். கண்ணுக்குத் தெரியும் ஒளி முதல் வகையின் வேலை. ஓசோன் வேதியியலைத் தொடுபவை மற்றவை, பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. விடியல் பக்கம் விட்டுவிட்டு மினுக்கும் துடிப்புத் துருவ ஒளி மங்கலாக இருக்கும், ஆனால் அதோடு இறங்கும் எலக்ட்ரான்கள் 10 முதல் 200 கிலோவரை போகின்றன. அழகான பச்சைத் திரையை விட இந்த மங்கல் ஒளிதான் 70, 80 கிலோமீட்டர் ஓசோனுக்குக் கேடு.

இரண்டு, மறைமுக வழி. காற்றில் ஒரு அயனி இணையை உண்டாக்கச் சுமார் 35 எலக்ட்ரான் வோல்ட் செலவாகிறது. 10 கிலோ எலக்ட்ரான் ஒன்று வந்தால் ஏறக்குறைய 285 இணைகள். உடைந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. வெயில் பட்டால் அது ஓரிரு நாளில் சிதைந்துவிடும். துருவக் குளிர்காலத்தில் வெயிலே இல்லை. அதனால் வாரக்கணக்கில் தங்கும், அந்த இருட்டுக்குள் துருவச் சுழலின் (குளிர்காலத்தில் துருவத்தைச் சுற்றி வீசும் காற்று வளையத்தின்) காற்று மெல்லக் கீழே இறங்கும்போது அதுவும் கூடவே 40, 50 கிலோமீட்டருக்கு வந்துவிடும். அங்கே ஓசோனிடம் இருந்து ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கி நைட்ரஜன் டையாக்சைடு ஆகும், தனி ஆக்சிஜன் அணு ஒன்றைச் சந்தித்ததும் மறுபடி நைட்ரிக் ஆக்சைடாகும். தான் அழியாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்யும். நீங்கள் கேட்ட 60 கிலோமீட்டரைக் கடப்பது துகள் இல்லை, அது உண்டாக்கிய வாயு.

ஹைட்ரஜன் ஆக்சைடுகளும் உண்டாகும். அவை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், 80 கிலோமீட்டருக்குக் கீழே மட்டும் வேலை.

2003 அக்டோபர் புயலுக்குப் பிறகு 2004 தொடக்கத்தில் வடதுருவத்தில் இந்த இறக்கம் மிகப் பெரிதாகப் பதிவானது. புயல் மட்டும் காரணமில்லை. அந்தக் குளிர்காலத்தில் அடுக்கு மண்டலம் திடீரென வெப்பமாகி, பிறகு மேலிருந்து இறக்கம் வலுத்தது. எவ்வளவு துகள் விழுந்தது, காற்று எவ்வளவு வேகமாக இறங்கியது என்று பிரித்துச் சொல்வதுதான் இன்றும் ஆய்வாளர்களின் தலைவலி.

தரவு எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. துருவச் சுற்றில் போகும் வானிலைச் செயற்கைக்கோள்களின் எலக்ட்ரான் அளவுகளில் 30, 100, 300 கிலோவுக்கு மேல் என்று மூன்று வரிசை இருக்கும். புரோட்டான்களும் அதே உணரியில் புகுந்து எலக்ட்ரானாக எண்ணப்படும். புரோட்டான் வரிசையும் கூடவே எகிறியிருந்தால் அந்த நேரத்து எலக்ட்ரான் எண்ணை எடுக்காதீர்கள். எல்லா நேரமும் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 2024 மே 10 புயலின் முதல் அடி உலக நேரம் 17:05, நமக்கு இரவு 10:35.

---

புளியரை_இயற்பியல்:

மூவருக்கும் நன்றி. பைப் நட்டு மூன்று வாரம் ஆகிறது. தினமும் வளைவு வருகிறது, ஆனால் உச்சம் பிற்பகல் 2:40க்கு. காலை 8:15க்கும் மாலை 4:45க்கும் 30 நானோடெஸ்லா திடீரெனத் தாவுகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாவல் இல்லை. இவற்றில் எது மின்னோட்டம்?

---

தாமிரபரணி_கரை:

இரண்டுமே இல்லை அண்ணாச்சி. வானம் படிக்கட்டு போலத் தாவாது. ஞாயிறு விடுமுறை எடுப்பது இரும்பு கேட். பைப்பில் இருந்து கேட் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள், 9, 10 மீட்டர் இருக்கும். புலம் தூரத்தின் கனத்துக்கு எதிராகக் குறையும், இரண்டு மடங்கு தள்ளிப் போனால் எட்டில் ஒன்று. 30 நானோடெஸ்லா 4க்கு வந்துவிடும்.

உச்சம் 2:40 என்பது வெப்பநிலை. உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12:20, வான மின்னோட்டத்தின் உச்சம் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால், அதாவது 11:20 வாக்கில். வெப்பமானி வரிசையையும் காந்த வரிசையையும் ஒரே தாளில் வரையுங்கள். பைப்பின் மேல்மூடியில் வெயில் அடிக்கிறதா என்று பாருங்கள், ஓலைத்தட்டி ஒன்று சாய்த்து, உள்ளே தெர்மகோல் அடைத்தால் பாதி போய்விடும். மிச்சத்தைக் கணக்கில் கழிக்கலாம்: இரவு 8 முதல் காலை 5 வரை உள்ள தரவில் மட்டும் பாகைக்கு எத்தனை நானோடெஸ்லா என்று சாய்வு எடுங்கள். பகல் தரவில் எடுத்தால் மின்னோட்டத்தையும் சேர்த்துக் கழித்துவிடுவீர்கள்.

அதன் பிறகு மாதத்தின் ஐந்து அமைதியான நாட்களை மணிவாரியாகச் சராசரி செய்து, புயல் நாளில் இருந்து கழியுங்கள். மிஞ்சுவது பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டம். திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்த நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். அவர்கள் கோடும் உங்கள் கோடும் ஒரே நிமிடத்தில் திரும்புகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு கொஞ்சம் மாறலாம், திரும்பும் நேரம் மாறக் கூடாது. மாறினால் முதலில் உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள், இஎஸ்பி32 இணையம் இல்லாமல் ஓடினால் நாளுக்குச் சில நொடி தவறும்.