அக்காவின் பிள்ளைகள் ஃபாஸ்டர் கேரில் இருக்கிறார்கள். பெற்றவளுக்கு இனி என்ன உரிமை?

தென்றல்:
என் அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அதிகாரிகள் நீதிமன்ற உத்தரவோடு வந்து ஃபாஸ்டர் கேருக்கு, அதாவது அரசு ஏற்பாட்டில் வேறு குடும்பத்தில் தற்காலிகமாக வளர, கூட்டிப்போய்விட்டார்கள். மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 4. ஆளுக்கொரு வீட்டில் இருக்கிறார்கள். அக்கா மன அழுத்தத்தில் படுத்தே கிடந்த நாட்களில் பிள்ளைகளைச் சரியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை, அது உண்மை. இப்போது மருந்து எடுத்துக்கொண்டு தேறி வருகிறாள். வாரம் ஒருமுறை பார்க்கலாம் என்றார்கள், ஆனால் கூட்டிவர ஆளில்லை என்று பாதி நாள் ரத்தாகிவிடுகிறது. சின்னவனுக்குக் காதில் ஆபரேஷன் என்பதே தேதி குறித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. எதிர்த்துக் கேட்டால் பிள்ளைகள் திரும்பவே மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவைக்க, அவள் வாயையே திறப்பதில்லை. அவளுக்கு இன்னும் ஏதாவது உரிமை இருக்கிறதா? பிள்ளைகளிடம் யாராவது கேட்கவேண்டும் என்று சட்டம் உண்டா? நான் அவர்களை வளர்க்கக் கேட்கலாமா?

நடுவழி:
குழந்தைகள் வழக்குகளில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் சில நாட்டுச் சட்டங்களை உதாரணமாகத்தான் சொல்கிறேன். முதலில் அக்காவின் பயத்தைப் போக்குங்கள். ஃபாஸ்டர் கேர் வேறு, தத்து வேறு. பிள்ளை வேறு வீட்டில் வளர்வதால் மட்டும் தாய் என்ற சட்ட உறவு அறுந்துவிடாது, அதை அறுக்கத் தனி வழக்கும் தனித் தீர்ப்பும் வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-இல் சாண்டோஸ்கி வழக்கில், தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லாமல் பெற்றோர் உரிமையைப் பறிக்க முடியாது என்றே சொல்லிவிட்டது.

சந்திப்பைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவில், பிரிக்கப்பட்ட பெற்றோரோடு தொடர்ந்து நேரடித் தொடர்பில் இருப்பது குழந்தையின் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது, அது குழந்தையின் நலனுக்கு எதிராக இருந்தால் ஒழிய. அதனால் சந்திப்பை ரத்து செய்யும்போது அக்காவிடமிருந்து மட்டுமல்ல, அந்தப் பிள்ளைகளிடமிருந்தும் ஒன்றைப் பறிக்கிறார்கள். இங்கிலாந்தின் 1989 குழந்தைகள் சட்டப்படி, பராமரிப்பு உத்தரவில், அதாவது நீதிமன்றம் அதிகாரிகளின் பொறுப்பில் விட்ட நிலையில், உள்ள பிள்ளையைப் பெற்றோர் நியாயமான அளவு பார்க்க அதிகாரிகள் அனுமதிக்க வேண்டும். அவசரமென்றால் ஏழு நாள் வரை நிறுத்தலாம், அதற்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கூட்டிவர ஆளில்லை என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. நார்வே வழக்கு ஒன்றில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019-இல் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. சந்திப்புகளே மிகக் குறைவாக இருந்ததால் அவளால் பிள்ளையை வளர்க்க முடியுமா என்று மதிப்பிடப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். எனவே ரத்தான ஒவ்வொரு சந்திப்பையும், தேதி, சொன்ன காரணம், சொன்னவர் யார் என்று அக்கா எழுதிவைத்து மின்னஞ்சலில் அனுப்பட்டும். வாயால் சொன்னது கோப்பில் ஏறாது.

ஆபரேஷன் விஷயத்தில் நாட்டுக்கு நாடு விதி மாறும். காய்ச்சல், தடுப்பூசி போன்றவற்றை வளர்ப்பவர்களே பார்த்துக்கொள்வார்கள், அறுவை சிகிச்சைக்குப் பெரும்பாலும் பெற்றவர் ஒப்புதலோ நீதிமன்ற அனுமதியோ தேவைப்படும். யார் கையெழுத்துப் போட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

வாசல்விளக்கு:
நான் ஃபாஸ்டர் கேரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவள். அண்ணன் சொன்னது சரி, ஆனால் எங்கள் பக்கம் நடப்பதையும் சொல்லவேண்டும். அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த இரவு பிள்ளை அழும், சாப்பிடாது, படுக்கையை நனைக்கும். அதை வைத்தே சந்திப்பு பிள்ளையைக் கெடுக்கிறது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அம்மாவைப் பிரிந்த பிள்ளை அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன்.

அதே சமயம் பிள்ளைக்குக் காலம் நிற்காது தங்கச்சி. நான்கு வயதுப் பையனுக்கு ஒரு வருஷம் என்பது பெரிய காலம், இருக்கிற வீட்டிலேயே வேர்விட்டுவிடுவான். சட்டமும் அதைக் கணக்கில் எடுக்கிறது. அமெரிக்காவில் 1997 முதல், கடைசி 22 மாதத்தில் 15 மாதம் ஃபாஸ்டர் கேரில் இருந்த பிள்ளைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிக்க அரசுத் தரப்பு மனுப் போடவேண்டும் என்றே விதி. அக்கா சிகிச்சைக்குப் போவதும் அதிகாரிகள் கொடுத்த திட்டத்தை முடிப்பதும் இப்போதே காகிதத்தில் தெரியவேண்டும். முடிந்தால் வளர்க்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லுங்கள்: பையன் எப்படித் தூங்குவான், எதற்குப் பயப்படுவான் என்று. எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது, அதன் பிறகு அந்த அம்மாவும் நானும் எதிரிகளாக இருக்கவே இல்லை.

மூன்றாவதுவீடு:
நான் ஃபாஸ்டர் கேரில் வளர்ந்தவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மேலே சொன்ன ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவின்படி, தன்னைப் பற்றிய முடிவில் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்கவேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணால் தெளிவாகச் சொல்ல முடியும். அவளுக்கென்று தனி வக்கீலோ பிரதிநிதியோ இருக்கிறாரா, அவர் அவளை நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள். ஆனால் என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள் யாரும் சொல்லிக்கொடுக்காதீர்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை. வீடு மாறுவதே அன்று காலைதான் தெரியும். தம்பியைப் பிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளைகளின் பராமரிப்பு பற்றிய ஐ.நா.வின் 2009 வழிகாட்டு நெறிகள், கொடுமை நடக்கும் ஆபத்து போன்ற தெளிவான காரணம் இல்லாமல் உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது என்கின்றன. இந்த இரண்டு பேரையும் ஏன் பிரித்தார்கள் என்று யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும்.

தென்றல்:
அக்காவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் அழுதாள், அப்புறம் தேதிகளை எழுத ஆரம்பித்திருக்கிறாள். நான் வளர்க்கக் கேட்பது பற்றி?

நடுவழி:
கேளுங்கள், தாமதிக்காமல் கேளுங்கள். அமெரிக்காவில் 2008 சட்டப்படி, பிள்ளையை எடுத்த 30 நாளுக்குள் நெருங்கிய உறவினர்களைத் தேடித் தகவல் சொல்லவேண்டும். பல நாடுகளில் உறவினர் வீட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். இருவரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளத் தயார் என்ற வரி விண்ணப்பத்தில் கட்டாயம் இருக்கட்டும். வீட்டைப் பார்க்க வருவார்கள், உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள். அது முடியும்வரை நீங்களும் பிள்ளைகளைப் பார்க்க அனுமதி வேண்டும் என்று அதே விண்ணப்பத்தில் தனியாகக் கேளுங்கள், ஒரு நகலை அக்காவின் வக்கீலுக்கும் அனுப்புங்கள்.